பதினாறாம் நிமிடம்

நான்கு வருடமாக அந்தப் படகை
நான்தான் கரை சேர்த்தேன்.
மாலை ஆறு மணித் தொடர்.
பதினான்கு நிமிடம் ஐம்பதாவது நொடியில்
சுன்னிவா கயிற்றை முளையில் இரண்டு சுற்று சுற்றி
'கட்டியாச்சு, நீங்களும் படுங்க' என்பாள்.
அங்கே வெட்டுவேன்.
நார்வே பல் துலக்கப் போகும்.

பிறகு, சினிமா எடுக்கலாம் என்றார்கள்.
குடும்பத்தோடு பார்க்கும் சாகசப் படம்,
எண்பத்திரண்டு நிமிடம்,
ஸ்டூடியோத் தொட்டி போதும், இனி நிஜக் கடல்.
ஓட்வார் மேஜையைத் தட்டினான்:
'கயிறு அறுந்தால்தான் கதை, ரான்வெய்க்.'
அறுந்தது.
சணல் இழை இழையாய்ப் பிரிவதை
திரை முழுக்க ஓட விட்டேன்.

முன்னோட்டத்துக்கு வடக்கே, போட்ஸ்ஃபியூர் போனோம்.
ஊர்ப் பொதுக்கூடம். கைப்பந்து வலையைச் சுருட்டி
மூலையில் சாத்தியிருந்தார்கள்.
நவம்பர். பகல் இரண்டு மணிக்கே இருட்டு.
ஈரக் கம்பளியும் வாஃபிள் மாவும்
மீன் ஆலையும் கலந்த வாசனை.
அறுபத்தொரு பிள்ளைகள்.
பயம் வந்தால் எதையாவது எண்ணுவேன்.

துணிப் பஃபின் தலைகாட்டியதும் கைதட்டல்.
'அதுக்குக் கண் மாறிடுச்சு' என்றாள் ஒருத்தி.
உண்மைதான். பழைய பொத்தான்
படப்பிடிப்பில் கடலுக்குள் போய்விட்டது.
சுன்னிவாவும் எட்டு சென்டிமீட்டர் மாறியிருந்தாள்;
அதே மஞ்சள் கோட்டு,
மணிக்கட்டுகள் மட்டும் வெளியே.

துறைமேடை. முளை. இரண்டு சுற்று.
'கட்டியாச்சு' என்றாள்.

அறுபத்தொரு பிள்ளைகளும் எழுந்தார்கள்.
யாரும் சொல்லவில்லை.
வரிசைக்கு வரிசை ஜிப் ஏறும் ஓசை,
குல்லா, கையுறை,
கதவருகே போய்விட்ட சிலர்
திரையைப் பார்த்துக் கையசைத்தார்கள்.
அவர்கள் முதுகுக்குப் பின்னால்
என் கயிறு பிரிந்துகொண்டிருந்தது,
எவ்வளவு பெரியதாக, எவ்வளவு வீணாக.

பிறகு அந்தச் சத்தம்.
செலரித் தண்டை முறித்து நாங்கள் பதிவு செய்தது.
திரும்பினார்கள்.

படகு போய்க்கொண்டிருந்தது.
உள்ளே பஃபின் தூங்கிக்கொண்டிருந்தது.

ஐந்து வயது இருக்கும், பெயர் சியூர் என்று பிற்பாடு தெரிந்தது,
ஒற்றைக் கையுறையோடு நடுவழியில் இறங்கி வந்தான்.
ஒளிக்கற்றைக்குள் நுழைந்தான்.
அவன் குல்லாவின் குஞ்சம்
கடலில் ஒரு பாறையாக விழுந்தது.
கழுத்துச் சால்வையை உருவி
ஒரு முனையைத் தூக்கி நீட்டினான்.
'பிடி' என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.
அவன் அப்பா பாதி எழுந்து, உட்கார்ந்துவிட்டார்.
'பார்த்தாயா, மாட்டிவிட்டது' என்று
ஓட்வார் என் காதில் சொன்னான்.
எது எதில் என்று நான் கேட்கவில்லை.

மீதி அறுபத்தாறு நிமிடமும்
கோட்டைக் கழற்றாமல் நின்றே பார்த்தார்கள்:
மூடுபனி, திமிங்கலம், நண்டுத் திருடர்கள்,
ஹெலிகாப்டரில் எடுத்த ஆறு காட்சிகள்,
இறுதியில் எல்லோரும் ஆடும் விடியல்.

கருத்துத் தாளில் சிரிக்கும் முகம், அழும் முகம்
என்று வட்டங்கள் போட்டுக் கொடுத்திருந்தோம்.
கண் மாறியதைச் சொன்னவள்
வட்டங்களை விட்டுவிட்டு, பின்பக்கம் எழுதியிருந்தாள்:
'திரும்பி வந்த அப்புறம் யார் கட்டினாங்க?'

ஆஸ்லோ திரும்பி எல்லாப் பதிவுகளையும் தேடினேன்.
யாருமே கட்டவில்லை.
எழுபது பேர், ஒரு கோடை முழுக்க,
ஒருவருக்கும் தோன்றவில்லை.
சுன்னிவாவுக்கு இப்போது பள்ளி.
மஞ்சள் கோட்டு தோளில் ஏறாது.

முதல் வருடத் தொடரிலிருந்து எடுத்தேன்:
தொட்டித் தண்ணீர், தட்டையான வெளிச்சம்,
எட்டு வயதுக் கைகள்.
விடியலின் நிறத்தை அதன்மேல் ஏற்றினேன்.
முழுசாக ஒட்டவில்லை.

ஓட்வார் மூன்று முறை ஓட்டிப் பார்த்தான்.
'இது பழைய கை.'
'ஆமாம்.'
'சத்தம்?'

அன்று செலரி இல்லை.
கயிறு இறுகும் அந்த நான்கு நொடிக்காக
என் கைப்பையின் வாரை
ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்து முறுக்கினேன்.